எங்கள் ஊர் வலைத்தளமும் மூன்று மாலைகளும்

எழுதத் தெரிந்தவர்கள் எழுதுகிற இடத்தில் நானும் வந்து உட்காருவதற்கு முதலில் மன்னிக்க வேண்டும். எனக்கும் பள்ளிக்கூடத்துக்கும் இருந்த உறவு பத்தாம் வகுப்போடு முடிந்தது. அதில் இரண்டு தரப்புக்கும் வருத்தம் இல்லை. அதற்குப் பிறகு நான் எழுதியதெல்லாம் கொடைக்கானலில் ஒரு லாட்ஜின் வரவேற்பு மேசையில்தான்: பெயர், ஊர், எத்தனை பேர், காலையில் வெந்நீர் எத்தனை மணிக்கு. நாலு பேர் முன்னால் பேசச் சொன்னால் எனக்கு நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும். எழுதச் சொன்னால் கை ஒட்டிக்கொள்ளும்.

பொதுமக்கள் படிப்பதற்கென்று இதற்கு முன் ஒரே ஒரு முறைதான் எழுதினேன். எங்கள் ஊரில் ஒரே நாளில் மூன்று பேர் இறந்துபோனார்கள். (இறக்கவில்லை. அதாவது, இறந்துதான் இருந்தார்கள், ஆனால் அன்றைக்கு இல்லை. பொறுங்கள், சொல்கிறேன்.)

எனக்குச் சொந்த ஊர் பெரும்பாறை. கல்யாணம் கட்டி மேல்மலைக்கு வந்தவன். வில்பட்டிக்கு அந்தப் பக்கம், பூண்டும் கேரட்டும் விளைகிற ஒரு சின்ன ஊர் என் மனைவி ஈஸ்வரியின் ஊர். பெண் எடுத்த ஊரிலேயே குடியிருக்கிற மருமகனுக்கு என்ன மரியாதை கிடைக்கும் என்பது அப்படி இருந்தவர்களுக்குத் தெரியும். கோயில் கூட்டத்தில் எனக்கு உட்கார இடம் உண்டு, கருத்துச் சொல்ல இடம் கிடையாது. இருந்தால் மட்டும் சொல்லியிருப்பேனா என்பது வேறு விஷயம்.

இரண்டாயிரம் பிறந்து எட்டொன்பது வருஷம் ஆகியிருந்த சமயம். எங்கள் லாட்ஜில் ஒரு கம்ப்யூட்டர் இருந்தது. பக்கத்து லாட்ஜில் இருந்ததால் எங்கள் முதலாளியும் வாங்கிப் போட்டிருந்தார். மேனேஜர் அதில் சீட்டாடுவார். அவர் சாப்பிடப் போகும்போது நான் அதில் பில் போடுவேன்.

ஒரு மழைக்காலத்தில் பெங்களூரிலிருந்து கார்த்திக் என்று ஒரு தம்பி வந்து தங்கினார். சாஃப்ட்வேர் வேலை. மலைப்பாதையில் மரம் விழுந்து பஸ் நின்றுபோக, போக வழியில்லாமல் என் மேசைக்கு எதிரே வந்து உட்கார்ந்துகொண்டார். ஏரியில் படகு இல்லை, குதிரை இல்லை, பார்க்க மலையும் இல்லை, எல்லாம் மேகம். பார்க்கக் கிடைத்தது நான் ஒருவன்தான்.

"அண்ணே, உங்க ஊரைப் பத்தி ஒரு பிளாக் ஆரம்பிக்கலாமே" என்றார்.

"எனக்கு ரூம் பில் போடத்தான் தெரியும் தம்பி."

"அது போதும்ணே. மத்தவங்க மாதிரி பட்டனை அமுக்கி அமுக்கி எழுதுறது வேஸ்ட். அதுக்குப் பின்னாடி டேட்டாபேஸ், அது இதுன்னு ஏகப்பட்ட சுமை. நான் ஒண்ணு சொல்லித் தர்றேன். நீங்க எழுதினதை ஒரு ஃபோல்டர்ல போட்டு வைக்கிறீங்க. கறுப்புத் திரையில ஒரே ஒரு லைன் அடிக்கிறீங்க. மொத்த வெப்சைட்டையும் அதுவே கட்டிக் கையில குடுத்துரும். அவ்வளவு சிம்பிள்."

அந்த எளிமையை எங்கள் கம்ப்யூட்டரில் ஏற்ற அவர் பட்ட பாட்டுக்கு ஒரு காணி கேரட் பிடுங்கியிருக்கலாம். அந்தக் கருவி வேண்டுமென்றால் அதற்கு முன்னால் இன்னொன்று வேண்டும். அந்த இன்னொன்று வர வேண்டுமென்றால் மூன்றாவது ஒன்று வந்திருக்க வேண்டும். அதுவும் பழசாக வந்தால் ஒத்துக்கொள்ளாது, புதுசாக வந்தாலும் ஒத்துக்கொள்ளாது. எனக்கு இது புரிந்தது. எங்கள் ஊர்க் கல்யாணத்துக்குப் பெரிய பங்காளியை அழைத்தால்தான் சின்னப் பங்காளி வருவார், அவர் வந்தால்தான் மாமன் வருவார். கார்த்திக் தம்பி ஒவ்வொருவராகப் போய் வெற்றிலை பாக்கு வைத்து அழைத்துக்கொண்டிருந்தார்.

கடைசியில் கறுப்புத் திரை திறந்தது. ஒரு வரி தட்டினார். ஏதோ ஓடியது. பிறகு இணையத்தில் ஒரு பக்கம் வந்தது. மேலே ஏரியின் படம், 'எங்கள் ஊர்: வாங்க, எல்லாரும் வாங்க' என்ற தலைப்பு, கீழே சோதனைக்காக அவர் எழுதி, பிறகு அவரே அழித்துவிட்ட ஒரு வரி. எனக்குப் புல்லரித்தது. (குளிராகவும் இருக்கலாம்.)

போகும்போது விதிகளைச் சொன்னார்.

"ஃபைல் பேருக்கு முன்னாடி தேதி போடணும். ஃபைலுக்குள்ள முதல் வரியில மூணு கோடு. அடுத்து தலைப்பு. மறுபடியும் மூணு கோடு. அதுக்குக் கீழ நீங்க என்ன வேணாலும் எழுதுங்க. முதல் வரி மட்டும் மூணு கோடாத்தான் இருக்கணும், அதுக்கு மேல எதுவும் வரக்கூடாது. மறந்துறாதீங்கண்ணே."

மறக்கவில்லை. இன்றைக்கு வரைக்கும் மறக்கவில்லை.

சாலை திறந்து அவர் போய்விட்டார். நானும் அதைத் தொடவில்லை. அப்படியே விட்டிருந்தால் இந்தக் கட்டுரை இல்லை.

என் மனைவிக்கு ஒரு தங்கை. பெயர் செல்வி. அவளுக்கு வத்தலக்குண்டில் ஒரு வரன் பேசிக்கொண்டிருந்தார்கள். பையன் பாண்டியராஜன், திண்டுக்கல் பக்கம் ஒரு மில்லில் சூப்பர்வைசர். நல்ல இடம். என் மாமனார் மலையிலிருந்து கீழே இறங்கி மூன்று வரன் பார்த்து, மூன்றும் மலை என்றதும் பின்வாங்கிய பிறகு வந்த இடம். இதுவும் போனால் இனி யாருக்காகவும் காபித் தட்டைத் தூக்கப் போவதில்லை என்று செல்வி சொல்லிவிட்டாள். அவள் சொன்னால் சொன்னதுதான்.

வத்தலக்குண்டில் ஒரு உறவுக்காரர் கல்யாணம். அங்கே பையனின் குடும்பத்தை முதன்முதலாகப் பார்த்தோம். பையனின் அம்மா எங்களை உட்காரவைத்து நேராகவே சொல்லிவிட்டார்.

"பொண்ணு லட்சணமாத்தான் இருக்காளாம். கொறை ஒண்ணும் இல்லை. ஆனா மலை பாருங்க. எந்நேரமும் பனி, குளிரு, நெஞ்சுச் சளி. மலைக்காரங்களுக்கு ஆயுசு கெட்டி கெடையாதும்பாங்க. எனக்கு அது ஒண்ணுதான் மனசுக்குள்ள கெடந்து அரிக்குது."

என் மாமனாருக்குக் கோபம் வந்தால் பேச்சு நின்றுவிடும். நின்றுவிட்டது. ஈஸ்வரி என் விலாவில் இடித்தாள். 'மூத்த மருமகன், ஏதாவது சொல்லுங்க' என்று அதற்கு அர்த்தம். எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. பிய்த்துக்கொண்டு வந்தபோது அது சொன்னது:

"எங்க ஊருக்கு வெப்சைட் இருக்குங்க."

நெஞ்சுச் சளிக்கும் வெப்சைட்டுக்கும் என்ன சம்பந்தம் என்று யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் தப்பித்திருப்பேன். பையனின் அண்ணன் மணிகண்டன் நிமிர்ந்து உட்கார்ந்தார். அவர் வத்தலக்குண்டில் பிரவுசிங் சென்டர் வைத்திருக்கிறார் என்பது எனக்கு அப்போதுதான் தெரிந்தது.

"அப்படியா சகோ? அட்ரஸ் சொல்லுங்க. எங்க டவுனுக்கே இன்னும் உருப்படியா ஒண்ணு இல்லை."

சொன்னேன்.

"வெள்ளிக்கிழமை கடையில போட்டு அம்மாவுக்குக் காட்டுறேன். ஊரு எப்படின்னு அவங்களே பார்த்துக்கட்டும். மனசுக்குப் பிடிச்சா ஞாயித்துக்கிழமை பொண்ணு பார்க்க வந்துர்றோம்."

பஸ்ஸில் திரும்பி ஏறும்போது ஈஸ்வரி கேட்டாள். "அந்த வெப்சைட்டுல என்ன இருக்கு?"

"ஏரி இருக்கு."

"அப்புறம்?"

"'வாங்க'ன்னு இருக்கு."

அதற்குப் பிறகு கொண்டை ஊசி வளைவு எல்லாம் முடியும் வரை அவள் என்னோடு பேசவில்லை.

அந்த வாரம் முழுவதும் மேனேஜர் எப்போது சாப்பிடப் போவார் என்று காத்திருந்து எழுதினேன். மலைப்பூண்டின் மணம், சுனைத் தண்ணீர், பள்ளிக்கூடம், கோயில் திருவிழா, குளிரில் விளைகிற பழங்கள், என் மாமனாரின் குடும்பப் பெருமை (இது கொஞ்சம் நீளமாகப் போய்விட்டது). ஒவ்வொன்றுக்கும் ஒரு ஃபைல். ஒவ்வொரு ஃபைலின் உச்சியிலும் வழக்கம்போல ஒரு பிள்ளையார் சுழி. அதற்கு அடுத்த வரியில் கார்த்திக் தம்பி சொன்ன மூன்று கோடு.

பிள்ளையார் சுழி போடாமல் நான் மளிகைச் சாமான் கூட எழுதியதில்லை. லாட்ஜ் பதிவேட்டில் ஒவ்வொரு பக்கத்துக்கும் போடுவேன். வெந்நீர் ரிப்பேர் என்று கதவில் ஒட்டுகிற காகிதத்துக்கும் போடுவேன். அதை ஒரு வரி என்று நான் எண்ணியதே இல்லை. வீட்டுக்குள் எத்தனை பேர் என்று கேட்டால் பூஜை அறையில் இருக்கிறவரையும் சேர்த்தா சொல்வோம்?

வியாழக்கிழமை காலையில் எல்லாம் முடிந்தது. பஸ்ஸுக்குக் கிளம்பும்போது ஊர்ப் பெரியதனக்காரர் வழி மறித்தார். அவருக்குத் தெரியாமல் எங்கள் ஊரில் பூண்டு கூட முளைக்காது என்பது அவருடைய நம்பிக்கை.

"ஏலே மாப்ளே, நில்லு. ஊரைப் பத்தி ஏதோ கம்ப்யூட்டர்ல எழுதுறயாமே."

"ஆமாங்க."

"திருவிழாவைப் போட்டயா?"

"போட்டேங்க."

"போன பங்குனியில எங்க சின்னம்மா செத்தாளே, அதைப் போட்டயா?"

"இல்லைங்க. இது வந்து, பொண்ணு பார்க்க வர்றவங்க..."

"நல்லதுக்கு மட்டும் ஊரு, கெட்டதுக்கு ஊரு இல்லையா? திருப்பூர்ல, துபாய்ல கெடக்குற நம்ம பயலுக நாளைக்கு அதைப் பார்த்துட்டு, அப்பத்தா சாவை விட்டுட்டு முட்டைக்கோசை எழுதியிருக்கானேன்னு கேக்க மாட்டானுகளா? வெரசாப் போயி அதை எழுது. அப்புறம் அடுத்த சோலியைப் பாரு."

அவர் சின்னம்மா வெள்ளையம்மாளை எழுதினால் பூசாரி மொக்கையனை எழுத வேண்டும். இல்லையென்றால் அவர் வகையறா கோபிக்கும். இரண்டையும் எழுதினால், ஐப்பசி மழையில் போய்ச் சேர்ந்த காளிமுத்துவை விட முடியாது. அவர் என் மாமனாருக்கே பங்காளி. ஆக மூன்று. வயதை விசாரித்தேன். மூன்று வீட்டிலும் அடிதடி வரப் பார்த்தது. ஒருவர் சொன்ன வயதை இன்னொருவர் ஒப்புக்கொள்ளவில்லை. வயதே வேண்டாம் என்று விட்டுவிட்டேன்.

லாட்ஜில் உட்கார்ந்து மூன்று கண்ணீர் அஞ்சலியும் எழுதினேன். எனக்கே ஆச்சரியம், பூண்டைப் பற்றி எழுதும்போது வராத தமிழ் இதற்குப் பொங்கிக்கொண்டு வந்தது. 'எங்கள் ஊரின் நிழல் சாய்ந்தது. கோபம் என்பதையே அறியாத தாயே, இனி யார் முகத்தில் விழிப்போம்' என்று வெள்ளையம்மாளுக்கு எழுதினேன். (அந்தத் தாய் ஒரு முறை வரப்புத் தகராறில் பாதி மூட்டை கேரட்டை என் மேல் எறிந்திருக்கிறார். மீதிப் பாதியைத் தூக்க முடியவில்லை.) சாவுச் செய்திக்குப் பிள்ளையார் சுழி போடுகிற வழக்கம் கிடையாது. ஆகவே இந்த மூன்றுக்கும் போடவில்லை. மூன்று கோட்டிலேயே ஆரம்பித்தேன். ஃபைல் பெயரில் தேதி போட வேண்டுமே. எழுதுகிற அன்றைய தேதியைத்தானே போடுவோம்? வியாழக்கிழமைத் தேதியைப் போட்டேன்.

கறுப்புத் திரையைத் திறந்தேன். அந்த ஒரு வரியைத் தட்டினேன். ஏதோ ஓடியது, ஒரு திட்டும் இல்லாமல் நின்றது. இணையத்தில் ஏற்றினேன். பக்கத்தைத் திறந்து பார்த்தேன். தலைப்பு வந்தது. 'வாங்க, எல்லாரும் வாங்க.' ஏரிப் படம் மேலிருந்து கீழே கோடு கோடாக இறங்க ஆரம்பித்தது. வானம் வந்தது, மலை வந்தது, மரம் வந்தது. தண்ணீர் வருவதற்குள் கரண்ட் போய்விட்டது. மேனேஜரும் வந்துவிட்டார். பரவாயில்லை, மலை வரைக்கும் வந்தால் ஊர் வந்த மாதிரிதான் என்று நிம்மதியாக வீட்டுக்குப் போனேன். என் வாழ்க்கையில் அவ்வளவு நிமிர்ந்து நான் பஸ் ஏறியதில்லை.

வெள்ளி போனது. சனி போனது. மாமனார் வீட்டு டெலிபோன் மழையில் செத்துக் கிடந்தது. செல்போனுக்கு சிக்னல் வேண்டுமென்றால் கோயில் மேட்டுக்கு ஏற வேண்டும். வேண்டாம் என்றால் தகவல் எப்படியாவது வந்துவிடும், ஆகவே வருகிறார்கள் என்று மாமனார் முடிவு கட்டினார்.

ஞாயிற்றுக்கிழமை வெள்ளனே எழுந்து வீட்டைக் கழுவி, கோலம் போட்டு, கேசரி கிளறினார்கள். பஜ்ஜிக்கு மாவு கரைத்தார்கள். செல்வி பட்டுச்சேலையில் உள்ளே உட்கார்ந்திருந்தாள்.

"மச்சான், என் போட்டோவை அதுல போட்டுரலையே?" என்று கேட்டாள்.

"இல்லைத்தா. ஊரு மட்டும்தான்."

"ஊரு நல்லா வந்திருக்கா?"

"மலை வரைக்கும் நல்லா வந்திருக்கு."

வேன் கீழே முக்கில் நின்றது. அதற்கு மேல் ஏறாது. எல்லாரும் இறங்கி நடந்து வந்தார்கள். பெரியதனக்காரர் எங்களுக்கு முன்னால் போய் நின்றுகொண்டார். ஊருக்குள் யார் வந்தாலும் முதல் வணக்கம் அவருக்கு வர வேண்டும்.

ஈஸ்வரி என் காதருகே வந்தாள். "ஏங்க, பொண்ணு பார்க்க வர்றவங்க தலையில ஒரு முழம் பூவைக் காணோம்?"

"டவுன் நாகரிகம்."

"வத்தலக்குண்டு எப்ப டவுனாச்சு?"

நான் பதில் சொல்வதற்குள் பையனின் அப்பா வளைவில் தெரிந்தார். இரண்டு கையிலும் தூக்க முடியாமல் ரோஜா மாலை. அவருக்குப் பின்னால் மணிகண்டன் கையில் ஒரு மாலை. பாண்டியராஜன் கையில் ஒரு மாலை. மூன்றும் ஆள் உயரம்.

என் மாமனாருக்குக் கண் கலங்கிவிட்டது. "மாப்ளே, நீங்க எழுதினதுக்கு எவ்வளவு மரியாதை பாருங்க" என்றார். பன்னிரண்டு வருஷத்தில் அவர் என்னைப் பாராட்டியது அதுதான் முதல் முறை. நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

பெரியதனக்காரரும் தலையைக் குனிந்துகொண்டார், ஆனால் வேறு காரணத்துக்கு. பையனின் அப்பா மிகவும் முறை தெரிந்த மனிதர். எதிரே ஒரு பெரியவர் கழுத்தை நீட்டிக்கொண்டு நிற்கிறார். என்ன செய்வதென்று தெரியாமல் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பார்த்தார். பிறகு மாலையைப் போட்டுவிட்டார். பெரியதனக்காரர் இருமி, தொண்டையைச் சரிசெய்து, "எங்கள் ஊரைத் தேடி வந்த உங்களுக்கு" என்று நன்றியுரையை ஆரம்பித்தார்.

அந்த நேரத்தில்தான் பையனின் அத்தை வாசலுக்கு வந்தார். அவர் அந்த வட்டாரத்தில் ஒப்பாரிக்குப் பேர்போனவர் என்று எங்களுக்குத் தெரியாது. முந்தானையை வாயில் வைத்தார், கோலத்தின் மேல் அப்படியே உட்கார்ந்தார்.

"மலை மேல இருந்தவங்க... மண்ணுக்குள்ள போனீங்களே..."

என் மாமியார் பஜ்ஜிக் கரண்டியோடு வெளியே வந்தார். எங்கள் பக்கத்துப் பெண்களுக்கு ஒன்று உண்டு. ஒரு பெண் வாசலில் உட்கார்ந்து அழுதால், யார் எவர் என்று கேட்டுக்கொண்டு நிற்க மாட்டார்கள். முதலில் கட்டிப்பிடித்து அழுதுவிட வேண்டும். விவரம் பிறகு. கரண்டியை என் கையில் கொடுத்துவிட்டு மாமியாரும் உட்கார்ந்தார். சத்தம் கேட்டுப் பக்கத்து வீட்டுப் பெண்கள் வந்தார்கள், உட்கார்ந்தார்கள். கொஞ்ச நேரத்தில் கோலம் தெரியவில்லை. நன்றியுரை ஒரு பக்கம், ஒப்பாரி ஒரு பக்கம், எண்ணெய் சொட்டுகிற கரண்டியோடு நான் நடுவில்.

கடைசியில் என் மாமியார் மூக்கைத் துடைத்துக்கொண்டு கேட்டார். "எப்படி ஆத்தா ஆச்சு?"

அத்தை அழுகையை நிறுத்தினார். "நீங்கதானே சொல்லணும்."

"நாங்க என்னத்தச் சொல்ல? உங்க வீட்டுல யாரு?"

"எங்க வீட்டுல எல்லாரும் நல்லாத்தான் இருக்காங்க. உங்க ஊருலதான் ஒரே நாள்ல மூணு பேராமே."

ஒப்பாரி நின்றது. நன்றியுரையும் நின்றது. மணிகண்டன் சட்டைப் பையிலிருந்து மடித்த காகிதத்தை எடுத்துப் பிரித்தார். நல்ல வெள்ளைத் தாளில் அச்செடுத்திருந்தார். மேலே ஏரி. முழு ஏரியும் வந்திருந்தது. 'எங்கள் ஊர்: வாங்க, எல்லாரும் வாங்க.' அதற்குக் கீழே வெள்ளையம்மாள் காலமானார். அதற்குக் கீழே மொக்கையன் காலமானார். அதற்குக் கீழே காளிமுத்து காலமானார். மூன்றுக்கும் வியாழக்கிழமைத் தேதி. அதற்குக் கீழே ஒன்றுமில்லை. பூண்டு இல்லை, சுனை இல்லை, மாமனார் பெருமை இல்லை.

"பொண்ணு பார்க்க வர வேண்டாம்னுதான் அம்மா சொன்னாங்க" என்றார் மணிகண்டன். "அப்பாதான், மூணு சாவு விழுந்த ஊருக்குத் துக்கம் கேக்காம இருக்கிறது மொறை இல்லை, வந்து கேட்டுட்டாவது போயிருவோம்னார். போன் அடிச்சோம், போகலை."

"இதை எழுதினது யாரு?" என்று கேட்டார் பையனின் அம்மா.

அத்தனை பேரும் என்னைப் பார்த்தார்கள். கரண்டியை வைக்க இடம் தேடினேன்.

"இவங்கல்லாம் போன வருஷமே போயிட்டாங்கம்மா" என்று ஈஸ்வரிதான் சொன்னாள். "இவரு எழுதினதுதான் வியாழக்கிழமை."

பையனின் அம்மா விடவில்லை. "சரி, எப்பவோ போகட்டும். எதுல போனாங்க? மூணு பேருன்னா சும்மா இல்லை. குளிருதானே? சளிதானே?"

செல்வியின் கல்யாணம் அந்தக் கேள்வியில் தொங்குகிறது என்று எனக்குத் தெரிந்தது. நாக்கு வழக்கம்போல ஒட்டிக்கொண்டது. நல்லவேளை, பெரியதனக்காரருக்கு நாக்கு ஒட்டுகிற வியாதி கிடையாது.

"என்னத்தா சளி? எங்க சின்னம்மா சாகுறப்ப அவளுக்குத் தொண்ணூறு தாண்டிருச்சு. அன்னைக்குக் காலையில கூட களை எடுத்துட்டு வந்தவ."

"தொண்ணூறா?" என்றார் பூசாரியின் மகன் கூட்டத்திலிருந்து. "எங்கப்பாவை அவ இடுப்புல தூக்கி வளர்த்தவ. எங்கப்பாவுக்கே தொண்ணூத்தி ரெண்டு."

"உங்கப்பனுக்கு எங்கெலே தொண்ணூத்தி ரெண்டு? காளிமுத்து அண்ணனுக்கும் அவருக்கும் ஒரே சோடி. காளிமுத்து அண்ணன் போறப்ப தொண்ணூத்தஞ்சு" என்று காளிமுத்து வகையறாவில் ஒருவர் எழுந்தார்.

வயதுத் தகராறு மறுபடி கிளம்பியது. மூன்று வகையறாவும் ஏலம் விட்ட மாதிரி ஏற்றிக்கொண்டே போனார்கள். வெள்ளையம்மாள் நூறைத் தாண்டியபோது பையனின் அம்மா தன் கணவரைத் திரும்பிப் பார்த்தார். அந்தக் கணவரைப் பெற்ற அம்மா கீழே வத்தலக்குண்டில் அறுபதிலேயே போய்ச் சேர்ந்தவர் என்று பிறகு கேள்விப்பட்டோம்.

"தண்ணி நல்ல தண்ணிதான் போல" என்றார் பையனின் அம்மா மெதுவாக. பிறகு, "சரி, பொண்ணைக் கூப்பிடுங்க" என்றார்.

இப்போது பையனின் அப்பா குறுக்கே வந்தார். சொன்னேனே, முறை தெரிந்த மனிதர்.

"அதெப்படி? மாலையைத் தூக்கியாச்சு, அழுதாச்சு. தலைக்கு ஊத்தாம நல்ல காரியம் பேசக்கூடாது."

ஆக அத்தனை பேரும் குளிக்க வேண்டும். தை மாதம். எங்கள் ஊர் மேட்டில். அண்டா வைத்து வெந்நீர் போட்டோம், ஆனால் வேன் நிறைய வந்தவர்களுக்கு அது எங்கே காணும்? பாதிப் பேர் சுனைத் தண்ணீரில் குளித்தார்கள். மாற்றுத் துணி கொண்டு வரவில்லை. எங்கள் வீட்டு ஸ்வெட்டர், கம்பளி, மாமியாரின் சால்வை எல்லாம் வந்தவர்களுக்குப் போயின. செல்வி காபித் தட்டோடு வெளியே வந்தபோது, கல்யாணப் பையன் பாண்டியராஜன் என் மாமனாரின் ஸ்வெட்டரையும் என்னுடைய குரங்குக் குல்லாவையும் மாட்டிக்கொண்டு, பற்கள் தாளம் போட, கண் மட்டும் தெரிகிற மாதிரி உட்கார்ந்திருந்தார்.

பெண் தலை குனிந்து வர வேண்டும். செல்வி நிமிர்ந்து பார்த்தாள். காபித் தட்டு குலுங்கியது. அவளால் சிரிப்பை அடக்க முடியவில்லை. அந்தப் பையன் நல்லவர். அவரும் குல்லாவுக்குள்ளேயே சிரித்தார்.

பஜ்ஜி ஆறிப்போயிருந்தது. எல்லாரும் சாப்பிட்டார்கள். நிச்சயத்துக்கு நாள் குறித்துவிட்டுத்தான் கிளம்பினார்கள்.

அந்தக் கல்யாணம் நடந்து இரண்டு பிள்ளைகளும் வளர்ந்துவிட்டார்கள். இன்றைக்கும் நான் போனை எடுத்துக் கண்ணாடியைப் போட்டால், என் சகலை பாண்டியராஜன் கேட்பார், "என்ன சகலை, இன்னைக்கு யாரு?" எங்கள் குடும்பத்தில் எந்த நல்ல காரியம் என்றாலும், செல்வியின் மகள் ஒரு குரங்குக் குல்லாவைத் தாம்பாளத்தில் வைத்து அவள் அப்பாவுக்கு நீட்டாமல் விடமாட்டாள். ஊரில் வயதானவர்கள் என்னைப் பாதையில் கண்டால், "மாப்ளே, என்னை எழுதிராதப்பா, இன்னும் கொஞ்ச நாள் இருக்கேன்" என்பார்கள். பெரியதனக்காரர் மட்டும் ஒன்றும் சொன்னதில்லை. தனக்கு விழுந்த மாலை யாருக்கு வந்தது என்பதை அவர் கடைசி வரை ஒப்புக்கொள்ளவில்லை. அதைக் கொண்டுபோய்த் தன் வீட்டுச் சுவரில் இருந்த தன் போட்டோவுக்கே போட்டார். அவர் மனைவி வயலிலிருந்து திரும்பிக் கதவைத் திறந்துவிட்டு எழுப்பிய சத்தம் கீழ்த் தெரு வரை கேட்டது.

பெண் பார்த்ததற்கு மறுநாள், திங்கட்கிழமை. லாட்ஜுக்குப் போனேன். மேனேஜர் சாப்பிடப் போனதும் கார்த்திக் தம்பிக்கு போன் போட்டு விஷயத்தைச் சொன்னேன். மூன்று கோட்டுக்கு மேல் ஏதாவது இருக்கிறதா என்று கேட்டார். பிள்ளையார் சுழி இருக்கிறது என்றேன். முதல் வரி மூன்று கோடாக இல்லாத ஃபைலை அந்தக் கருவி கட்டுரையாகவே எடுத்துக்கொள்ளாது, பேசாமல் தாண்டிப் போய்விடும் என்றார். சுழியை எடுத்துவிட்டால் எல்லாம் வந்துவிடும் என்றார். கல்யாணம் கூடிவந்த மறுநாளே பிள்ளையாரை எடுக்க எனக்குக் கை வரவில்லை. செத்தவர்களை அழிக்கவும் மனம் வரவில்லை. அந்த மூன்று ஃபைலுக்கும் மேலே ஆளுக்கொரு சுழி போட்டேன். கறுப்புத் திரையில் அந்த வரியைத் தட்டினேன். கரண்ட் இருந்தது. ஏரி முழுவதும் வந்தது. 'எங்கள் ஊர்: வாங்க, எல்லாரும் வாங்க' என்று வந்தது. அன்றைக்கு யாரும் சாகவில்லை.